பெற்ற கல்வியும் பெறாத பிள்ளைகளும்

படிப்பிற் சோர்வு காட்டும் பிள்ளையைத் திருத்த விரும்பும் பெற்றோர் கையாளும் வழிகளுள் ஒன்று ஒப்பீடு. உலகின் ஏதோ ஒரு மூலையில், புத்தகமின்றி, பாடசாலையின்றி, கல்லுடைத்தும் ஆடு மேய்த்தும் காலங்கழிக்கும் சிறுவரை எடுத்துக்காட்டி, 'அவர்களுக்குக் கிடையாதது உனக்குக் கிடைத்திருக்கிறது. அதன் அருமையை நீ உணரவில்லையே' என்று அவர்கள் கடிந்துகொள்வர். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் உரையாற்றும் பெரியோரும் இதே நியாயத்தையே சற்று விரித்துக் கூறுவர். இவ்வறிவுரையின் நன்னோக்கம் ஐயத்துக்குரியதன்று. ஆயின், நன்னோக்கமுடைய அறிவுரைகள் யாவும் உறுதியான நியாயத்தின்மேல் நிற்கின்றன என்று கொள்வதற்கில்லை. ஒருவர் ஒன்றை இழந்திருப்பது, அதனைப் பெற்றிருக்கும் இன்னொருவருக்கு எவ்வாறு ஒரு கடமையை உண்டாக்கும்? தூர தேசத்துப் பிள்ளையொன்றின் இல்லாமை, இலங்கையிற் கற்கும் மாணாக்கர் ஒருவரின் நன்றிக்கு அடிப்படையாகுமா? அரசாங்கத்தின் செலவிற் கற்றுப் பட்டம் பெறும் ஒரு தலைமுறை தான் பெற்றதை எவ்வாறு விளங்கிக்கொள்கிறதோ, அதற்கேற்பவே அது பின்னர் செய்யப்போவதும் அமையும். ஆதலின் இவ்வினா ஆராயத் தக்கது.

முதலில், அவ்வறிவுரையில் உள்ள உண்மையை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். எல்லோருக்கும் எளிதிற் கிடைக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. இலங்கையில் 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. இவற்றுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மாணாக்கர், கிணற்றடியில் வாழ்பவர் தண்ணீரைப் பற்றி நினையாதது போலக் கல்வியைப் பற்றி நினைப்பதில்லை. அவர்களுக்குக் கல்வி என்பது பரீட்சை, பெறுபேறு, வெட்டுப்புள்ளி ஆகியவற்றின் தொடராகவே தோன்றுகிறது. கல்வி மறுக்கப்பட்டோரின் வரலாற்றை அறியும்போதுதான் அதன் உண்மையான பெறுமதி வெளிப்படுகிறது.

ஆப்கானிஸ்தானில் நிகழ்ந்ததை நோக்குக. 2021 ஆகஸ்டில் தலிபான் இயக்கத்தினர் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின், பெண்பிள்ளைகளின் கல்வி ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் 23ஆந் திகதி இடைநிலைப் பாடசாலைகள் மீளத் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தமையால், அன்று காலை மாணவியர் சீருடையணிந்து சென்றனர். சில மணி நேரத்துக்குள் அவர்கள் வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அதே ஆண்டு டிசெம்பரிற் பல்கலைக்கழகங்களும், 2024 டிசெம்பரிற் தாதியர், மருத்துவிச்சிப் பயிற்சி வகுப்புகளுங்கூடப் பெண்களுக்கு மூடப்பட்டன. இவ்வாறு இடைநிலைக் கல்வியை இழந்த பெண்பிள்ளைகளின் தொகை குறைந்தது 14 இலட்சம் என 2024 ஆகஸ்டில் யுனெஸ்கோ நிறுவனம் கணித்தது. காபூல் நகரில் வாசல்வரை வந்து அழுதுகொண்டு திரும்பிய அம்மாணவியருக்கு, ஒரு சாதாரண வகுப்பறையின் விலை என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த பிரெட்றிக் டக்ளஸ் என்பாரின் வரலாறும் இத்தகையதே. அவர் சிறுவனாகப் பால்ற்றிமோர் நகரில் ஒரு வீட்டில் ஏவல் செய்துகொண்டிருந்தபோது, அவ்வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினாள். கணவன் அதனை உடனே தடுத்தான். வாசிக்கக் கற்ற அடிமை அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகி விடுவான் என்பது அவன் கூறிய காரணம். தடை விதிக்கப்பட்ட அக்கணத்திலேயே, விடுதலைக்கான வழி எதுவென்று தமக்குத் தெரிந்துவிட்டதாக டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றிற் குறிப்பிட்டுள்ளார். பின்னர் அவர் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளையினச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அவர்களிடமிருந்து பாடங் கற்றார். ரொட்டியை விலையாகக் கொடுத்து அந்தச் சிறுவன் வாங்கிய எழுத்துகள், பிற்காலத்தில் அடிமை முறைமைக்கு எதிரான பெருங்குரல்களுள் ஒன்றாயின.

2003ஆம் ஆண்டிற் கென்யா நாட்டில் ஆரம்பக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டபோது, அதுவரை வெளியே நின்ற பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாடசாலைகளுட் புகுந்தனர். மறு ஆண்டு அப்பிள்ளைகளோடு கிமானி மருகே என்னும் 84 வயது முதியவரும் சீருடை அணிந்து முதலாம் வகுப்பிற் சேர்ந்தார். சிறுவயதிற் பள்ளிக்குச் செல்ல இயலாதிருந்த அவர், தாமாக வாசிக்கவும் எண்ணவும் தெரிந்துகொள்ள விரும்பினார். 2009இல் இறக்கும் வரை அவ்விருப்பம் அவரை விட்டு நீங்கவில்லை.

இவ்வரலாறுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. கல்வியின் பெறுமதியை இரு சாரார் நன்கறிவர்: அதனை இழந்தவரும், அதனைப் பிறருக்கு மறுப்பவரும். கல்வி பயனற்ற பொருளாயின் அதைத் தடுக்கச் சட்டமும் சவுக்கும் தேவைப்பட்டிரா. ஆகவே, பிற நாட்டுப் பிள்ளைகளின் நிலையை எடுத்துக்காட்டும் பெற்றோர் உண்மையற்ற ஒன்றைக் கூறவில்லை. ஒப்பீடு, பழக்கத்தால் மங்கிய கண்ணுக்குப் பார்வை தருகிறது. அந்த அளவில் அது பயனுடையதே. ஆனால் பார்வை தருவது ஒன்று, நன்றியாவது வேறொன்று. ஒப்பீட்டிற் பிறக்கும் மனநிறைவே நன்றி என்று எண்ணும்போது மூன்று குற்றங்கள் நேர்கின்றன.

முதலாவது, அம்மனநிறைவு பிறருடைய இல்லாமையை ஊன்றுகோலாகக் கொண்டே நிற்கிறது. காபூலிற் பாடசாலை வாசல்கள் நாளையே திறந்து, அங்குள்ள பெண்பிள்ளைகள் அனைவரும் வகுப்பறைக்குச் சென்றுவிட்டால், அவர்களைக் காட்டி உண்டாக்கிய நன்றியுணர்ச்சிக்கு யாது நிகழும்? அது ஆதாரமற்றுப் போகும். பிறர் துன்பம் நீங்கியவுடன் தானும் நீங்கிவிடும் ஒரு நன்றி, உள்ளூர அத்துன்பம் நீடிப்பதையே வேண்டி நிற்கிறதல்லவா? பிறர் பெற்றிருப்பது கண்டு வருந்துவதை அழுக்காறு என்று தமிழ் அறநூல்கள் கடிந்தன. பிறர் பெறாதிருப்பது கண்டு நிறைவடைவது அதனோடு உடன்பிறந்த குணமே. இரண்டும் தன் நிலையைத் தன் அளவில் மதிப்பிட அறியாது, அயலான் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்து மதிப்பிடுவன. முன்னது வெளிப்படையாக இழிந்தது. பின்னது நன்றியின் ஆடையை உடுத்திருப்பதால் எளிதில் அடையாளங் காணப்படுவதில்லை.

இரண்டாவது, ஒப்பீடு நியாயமான முறைப்பாட்டின் வாயை அடைக்கப் பயன்படுகிறது. 'இவ்வளவாவது கிடைத்ததே' என்னும் சொல், கேட்பவரை அடங்கச் செய்வதற்கு வசதியான கருவி. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியை ஆதரித்தோர், ஆபிரிக்காவின் ஏனைய நாடுகளில் உள்ளோரிலும் பார்க்கத் தம் நாட்டுக் கறுப்பின மக்கள் நல்ல நிலையில் உள்ளனர் என்று வழமையாக வாதித்து வந்தனர். அந்நாட்டில் 1953ஆம் ஆண்டின் பான்ரு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலையை மறுக்கவில்லை. ஏவல் தொழிலுக்கு ஏற்ற தாழ்ந்த கல்வியொன்றை அவர்களுக்கெனத் தனியாக வகுத்தது. பின்னர், சில பாடங்களை ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே கற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டபோது, 1976 யூன் 16ஆந் திகதி சோவெற்றோவில் ஆயிரக்கணக்கான மாணாக்கர் வீதியில் இறங்கினர். பொலிசார் அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், சிறுவர் உயிரிழந்தனர். அம்மாணாக்கரை நன்றி கெட்டவர்கள் என்று எவரேனும் கூறுவரா? கல்வியை மிக உயர்வாக மதித்தமையினாலேயே அவர்கள் தாழ்ந்த கல்வியை ஏற்க மறுத்தனர். இலங்கையிலும் 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவழித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது அதனை எதிர்த்த தமிழ் மாணாக்கர், இலவசக் கல்வியின் அருமை தெரியாதவர்கள் அல்லர். நன்றி என்பது வாய்மூடி இருத்தல் என்று பொருள்படுமாயின், அது அறத்தோடு சேர்த்து எண்ணத் தக்கதன்று.

மூன்றாவது குற்றம் இவை இரண்டினும் நுண்ணியது. ஒப்பீடு பெரும்பாலும் தூரத்தையே நோக்குகிறது, அண்மையைக் காண்பதில்லை. தூர தேசத்துப் பிள்ளைக்காக இரங்குவது எளிது. அவ்விரக்கம் எதனையும் கேட்பதில்லை. அண்மையில் உள்ள பிள்ளையோ, இரங்குபவரின் பங்கு என்ன என்று கேட்கும் நிலையில் நிற்கிறது.

இலங்கையின் மலையகப் பெருந்தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளின் நிலை இதற்குச் சான்று. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பு 1907ஆம் ஆண்டின் சட்டத்தினால் தோட்ட நிருவாகங்களிடம் விடப்பட்டது. அவை நடத்திய பாடசாலைகளுட் பல, ஓராசிரியரையும் சில ஆரம்ப வகுப்புகளையும் மட்டுமே கொண்டிருந்தன. 1945இல் இலவசக் கல்வி நாடு முழுவதற்குமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், அதன் முழுப் பயன் லயன்களுக்குச் சென்று சேரவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும், அதன்வழி வாக்கின் வலிமையையும் பறித்தமையால், தம் பிள்ளைகளுக்காகக் கேட்கும் ஆற்றலையும் அவர்கள் இழந்தனர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான். ஆக, நாட்டின் ஏனைய பிள்ளைகள் கட்டணமின்றி உயர்கல்வி வரை சென்ற முப்பது ஆண்டுக் காலத்தில், தேயிலைச் செடிகளுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதற்கு முன்னரே கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நின்று அந்தானை மலைச்சாரலை நோக்குபவருக்குத் தேயிலைத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே தெரியும். அம்மலையிலிருந்து அவ்வளாகத்துக்கு இறங்கிவரும் வழி மாத்திரம் மிக நீண்டதாயிருந்தது.

இன்னும் அண்மையிலுள்ள உண்மையொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தின் கல்விச் சிறப்பைப் பற்றிப் பேசுவோர் 1823இல் வட்டுக்கோட்டையில் அமைந்த செமினறியையும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையையும் பெருமையுடன் குறிப்பிடுவர். அப்பெருமை தகுதியுடையதே. ஆனால் அதே மண்ணில், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் நெடுங்காலம் பாடசாலைக்குப் புறத்தேயும், உள்ளே அனுமதிக்கப்பட்டபோது வாங்கிற்குக் கீழே வெறுந்தரையிலும் இருத்தப்பட்டனர். அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என 1930ஆம் ஆண்டளவிற் பணிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் போன்ற அமைப்புகள் சம ஆசனத்துக்காகக் குரல் கொடுத்தன என்பது ஆறுதல் தரும் செய்தி. எனினும், கல்வியைக் கண்ணெனப் போற்றிய ஒரு சமூகமே தன் அயலிலுள்ள பிள்ளையின் கண்ணைக் கட்டி வைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. அக்காலத்துப் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்குக் கல்வியின் அருமையை எடுத்துரைத்தே இருப்பர். தம் வீட்டு வேலிக்கு அப்பால் நின்ற பிள்ளையை அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறியிரார். கூறின், அப்பிள்ளை வெளியே நிற்பதன் காரணத்தையும் கூறவேண்டி வந்திருக்கும்.

அங்ஙனமாயின் நன்றி என்பதுதான் யாது? திருவள்ளுவர் இப்பொருள் பற்றிய அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயரிட்டார். நன்றி என்னும் சொல் அங்கு ஒருவர் செய்த நன்மையைக் குறிக்கிறது. அந்நன்மையை அறிதலே பெற்றவரின் கடமையாகக் கொள்ளப்பட்டது. இச்சொல்லாட்சி சிந்தனைக்குரியது. இன்றைய வழக்கில் நன்றி என்பது மனத்தில் எழும் ஓர் உணர்ச்சி. பழைய வழக்கில் அது ஓர் அறிவு: யார், எப்பொழுது, எத்தகைய இடரின் நடுவே, எதனைச் செய்தார் என்று அறிதல். அவ்வறிவில் இடம்பெறுவோர் இருவர்: செய்தவரும் பெற்றவரும். பெறாத மூன்றாம் ஆளைப் பார்த்து உண்டாகும் மகிழ்ச்சிக்கு அங்கு இடமில்லை.

ஆகவே, கல்வி பெற்ற ஒருவர் கேட்கவேண்டிய முதல் வினா, 'இது யாருக்குக் கிடைக்கவில்லை' என்பதன்று. 'இதனை யார் தந்தனர்' என்பதே. அவ்வினாவுக்குரிய விடை ஒரு பெயரோடு முடிவதில்லை. அரசாங்க சபையிற் கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை தாங்கிய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. வலிய எதிர்ப்புகளுக்கிடையே அவர் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால், 1931இற் கிடைத்த சர்வசன வாக்குரிமையைப் பயன்படுத்திய எளிய மக்கள் நின்றனர். வாக்கு ஏழைக்குக் கிடைத்ததனாலேயே பாடசாலையும் ஏழைக்குக் கிடைத்தது. அவர்களோடு, குறைந்த ஊதியத்திற் கற்பித்த ஆசிரியர்களையும், காணி கொடுத்தும் ஓலைக் கொட்டில் அமைத்தும் கிராமப் பாடசாலைகளைத் தொடங்கியவர்களையும் சேர்த்து எண்ணல் வேண்டும்.

அக்கணக்கு அங்கும் முடிவடைவதில்லை. இலவசக் கல்வி என்னும் தொடரில் 'இலவசம்' என்பது கற்பவருக்கு மட்டுமே பொருந்தும். செலவை யாரோ ஏற்றே இருக்கின்றனர். இலவசக் கல்வி தொடங்கிய காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றிலிருந்து கிடைத்தது. பாடசாலைக் கட்டடமும் பல்கலைக்கழக விடுதியும் எழுவதற்குரிய செல்வம், பெருமளவில் மலைச்சரிவுகளிற் கொழுந்து பறித்த கைகளினூடாகவே வந்தது. தன் பிள்ளையை உயர்வகுப்புக்கு அனுப்ப வழியற்றிருந்த தாயொருத்தி, முகமறியாத பிள்ளைகளின் உயர்கல்விக்குத் தன் உழைப்பாற் பங்களித்தாள். இங்குதான் மேற்கூறிய ஒப்பீட்டின் நியாயம் முழுதும் மாறிவிடுகிறது. கல்வியைப் பெறாதவர், பெற்றவர் இரங்கத்தக்க அந்நியர் என்னும் நிலையிலிருந்து பெற்றவருக்குக் கொடுத்தவர் என்னும் நிலைக்கு வருகிறார். அவர்முன் மனநிறைவோடு நிற்க முடியாது. கடன்பட்டவராகவே நிற்க வேண்டியிருக்கிறது.

தன்சானியாவின் முதற் சனாதிபதி ஜூலியஸ் நியரேரே இக்கருத்தை ஓர் உவமையால் விளக்கினார். பஞ்சத்தால் வாடும் ஊரொன்று, எஞ்சியிருந்த உணவு முழுவதையும் ஒருவனுக்கே கொடுத்து, தூரத்துக்குச் சென்று எல்லோருக்கும் உணவு கொண்டுவரும்படி அவனை அனுப்புகிறது. கல்வி பெற்றவன் அம்மனிதனைப் போன்றவன். உணவை உண்டுவிட்டு அவன் திரும்பி உதவாதிருப்பின் அது துரோகம் என்றார் அவர். வறிய நாடொன்றில் உயர்கல்வி பெறுவோருக்கு இதனினும் பொருத்தமான உவமை காண்பதரிது. ஊரார் அவ்வுணவைக் கொடுத்தது அவன் பிறரிலும் சிறந்தவன் என்பதற்காக அன்று. அவனால் நடக்க முடியும் என்பதற்காகவே.

இங்கு தடைகள் சில எழக்கூடும். கல்வி மனித உரிமை என்று 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம் அதன் 26ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. உரிமையாகப் பெறவேண்டிய ஒன்றுக்கு நன்றி எதற்கு என்பது ஒரு தடை. இது வலுவுள்ளதுபோலத் தோன்றினும் நிலைக்கத் தக்கதன்று. தாயின் பராமரிப்பைப் பெறுவது குழந்தையின் உரிமை. அதனால் தாய்க்கு நன்றி பாராட்டல் மிகையென்று எவரும் கூறார். உரிமை என்பது தாளில் எழுதப்பட்ட மாத்திரத்திற் கைக்கு வந்துவிடுவதன்று. அப்பிரகடனத்துக்குப் பின்னரும் உலகில் 25 கோடிக்கு மேற்பட்ட சிறுவரும் இளைஞரும் பாடசாலைக்குப் புறத்தே நிற்கின்றனர் என யுனெஸ்கோவின் அண்மைக் கணிப்புகள் காட்டுகின்றன. எழுதப்பட்ட உரிமையை யாரோ சிலர் உழைத்து மெய்யாக்குகின்றனர். நன்றி அவர்களுக்கு உரியது. மேலும், கல்வி உரிமை என்பதை ஏற்பவர், அது தமக்கு மட்டும் உரிய உரிமையன்று என்பதையும் ஏற்றவராகிறார்.

தன் முயற்சியாலேயே தான் கற்றதாக ஒருவர் கூறலாம். இரவு பகலாகப் படித்துப் போட்டிப் பரீட்சையில் வென்ற மாணாக்கரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நியாயமன்று. ஆயினும் முயற்சி செய்வதற்குரிய வாய்ப்பு அம்முயற்சியின் விளைவன்று. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரில்லாத பாடசாலையில், அதே ஆற்றலுடைய பிள்ளையொன்று அதே இரவுகளில் விழித்திருந்திருக்கும். பல்கலைக்கழக இடங்கள் வரையறுக்கப்பட்ட நாட்டில், ஒருவர் அமர்ந்திருக்கும் ஆசனம் வேறொருவருக்குக் கிடையாத ஆசனமுமாகும். அமர்ந்தவர் அதனாற் குற்றவாளி ஆகிவிடமாட்டார். ஆனால் அந்த ஆசனத்தை முற்றிலும் தன் சொந்த உடைமையாகக் கருதும் தகுதியை இழக்கிறார்.

மூன்றாவது தடையே கடினமானது. கற்றவர் நாட்டை விட்டுச் செல்வது துரோகமாகுமா? 1981 யூன் மாதம் முதலாந் திகதி விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் கற்றோரும் கல்லாதோருமாகப் பல இலட்சம் தமிழர் உயிருக்கஞ்சிப் புலம்பெயர்ந்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் எல்லா இனங்களையும் சேர்ந்த மருத்துவரும் பொறியியலாளரும் வெளியேறினர். நியரேரேயின் உவமையில், உணவு கொடுத்த ஊரே பின்பு அம்மனிதனைத் துரத்துமாயின், அவன் திரும்பாமைக்கு அவனைப் பழித்தல் நேர்மையாகாது. இதற்கு விடை, கடன் யாருக்குரியது என்பதைத் தெளிவாக உணர்தலில் உள்ளது. கல்விக்கடன் ஆட்சியாளருக்கு உரியதன்று. அது வாக்களித்தோருக்கும் வரி கொடுத்தோருக்கும் கற்பித்தோருக்கும் கொழுந்து பறித்தோருக்கும் உரியது. ஆதலின் ஆட்சி செய்த தீங்கு அக்கடனை அழித்துவிடாது. அதேபோல, நாட்டெல்லைக்குள் இருந்தாற்றான் அக்கடனைத் தீர்க்கலாம் என்ற நியதியும் இல்லை. வெளிநாட்டில் வாழ்ந்தும் தம் கிராமப் பாடசாலையை மறவாதவர் உளர். உள்நாட்டிலேயே இருந்தும், பெற்ற பட்டத்தைத் தமக்கும் பிறருக்கும் இடையே ஒரு மதிலாக எழுப்பிக்கொண்டவரும் உளர். இவ்விருவருள் ஊரை விட்டுத் தூரச் சென்றவர் யார் என்பது கடவுச்சீட்டினால் தீர்மானிக்கத் தக்கதன்று.

இக்கடனைத் தீர்க்கும் வழி எது? கொடுத்தவர்களிற் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். எஞ்சியோரின் பெயர்களும் தெரியா. ஆகவே, வந்த வழியே திருப்பிக் கொடுத்தல் இயலாது. முன்னோக்கியே கொடுத்தல் வேண்டும். கல்வி மறுக்கப்பட்டவர்கள் இதிற் சிறந்த ஆசிரியர்களாக விளங்குகின்றனர். டக்ளஸ் சிறிது வாசிக்கக் கற்ற பின்னர், தாம் இன்னும் அடிமையாயிருந்த காலத்திலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏனைய அடிமைகளைக் கூட்டி இரகசியமாக எழுத்தறிவித்தார். கண்டறியப்பட்டால் சவுக்கடி நிச்சயம் என்பதை அறிந்தே நாற்பது பேருக்கு மேல் அவரிடம் வந்தனர். 1996 முதல் 2001 வரையிலான முதலாவது தலிபான் ஆட்சியில், ஹெராத் நகரத்துப் பெண்கள் தையல் வகுப்பு என்ற பெயரிற் கூடி இலக்கியங் கற்றனர். காபூலில் ஆசிரியைகள் தம் வீட்டு அறைகளையே வகுப்பறைகளாக்கினர். கியூபாவில் 1961ஆம் ஆண்டின் எழுத்தறிவு இயக்கத்தின்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் இளைஞர், பலர் பாடசாலை மாணாக்கராகவே, மலைக்கிராமங்களுக்குச் சென்று முதியோருக்கு எழுதக் கற்பித்தனர். இவர்களுள் எவரும் பட்டம் பெற்றபின் கொடுக்கலாம் என்று காத்திருக்கவில்லை. கொஞ்சம் கிடைத்ததும் அதனைப் பகிர்ந்தனர். நிறையப் பெற்றவர்களே, இன்னும் சிறிது பெற்றபின் பார்க்கலாம் என்று ஒத்திவைக்கின்றனர்.

இதன் பொருள் ஒவ்வொரு மாணாக்கரும் பெருஞ்செயல் ஆற்றவேண்டும் என்பதன்று. தன் பாடத்தைக் கவனமாகக் கற்றல், ஆசிரியர் பற்றாக்குறையுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் விடுமுறை நாள்களில் வகுப்பெடுத்தல், பின்னாளில் மருத்துவராகவோ அதிகாரியாகவோ அமர்ந்திருக்கும்போது முன்னே நிற்கும் எழுத்தறியாத முதியவரைக் கடிந்துகொள்ளாதிருத்தல், பாடசாலை அனுமதியிற் செல்வாக்கைக் கொண்டு பிற பிள்ளையின் இடத்தைப் பறிக்காதிருத்தல்: இவை சிறியனவாகத் தோன்றினும் கடன் தீர்ப்பனவே. வள்ளுவர் கைம்மாறு கருதாது பிறர்க்குதவுதலை 'ஒப்புரவறிதல்' என்றார். அங்கும் அறிதல் என்னும் சொல்லே வருகிறது. செய்ந்நன்றி அறிந்தவர் ஒப்புரவையும் அறிவர்; முன்னது கடந்த காலத்தை நோக்கிய கண், பின்னது எதிர்காலத்தை நோக்கிய கை.

சோம்பியிருக்கும் பிள்ளையைத் திருத்த விரும்பும் பெற்றோர், தூர தேசத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கூறுவதை நிறுத்த வேண்டியதில்லை. காபூல் மாணவியரின் கதையை இங்குள்ள பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. ஆயின், அக்கதை 'உனக்குக் கிடைத்திருக்கிறது' என்பதோடு முடிந்துவிடலாகாது. அது உனக்கு எவ்வாறு கிடைத்தது, அதற்காக யார் எதனை இழந்தனர், நம் ஊரிலேயே அது இன்னும் சென்று சேராத பிள்ளை யார் என்னும் வினாக்களும் அதனோடு சேர்த்துக் கேட்கப்படல் வேண்டும். இவ்வினாக்களைக் கேட்டு வளரும் பிள்ளை, பிறர் பெறாததை எண்ணி ஆறுதல் அடையாது. பிறரும் பெறும் நாளில் அதன் மகிழ்ச்சி குறைவதற்குப் பதிலாக நிறைவடையும். அத்தகைய மகிழ்ச்சிக்கே நன்றி என்னும் பெயர் பொருந்தும்.